கம்பி தூக்கிய கூரைக்கு முண்டு எங்கே?

கோடை பிறந்துவிட்டால் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் நம்மவர்களின் தொலைபேசி உரையாடல்களில் இரண்டு விடயங்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று கோயில் கொடியேற்றம். மற்றையது காம்பிங். புலம்பெயர்ந்த முதற் காலங்களில் நாலு குடும்பம் சேர்ந்து, இரண்டு கூடாரங்களையும் ஒரு பெரிய இறைச்சிக் கறிச் சட்டியையும் வானில் ஏற்றிக்கொண்டு மாகாணப் பூங்காக்களுக்குப் போனார்கள். மழை பெய்தால் கூடாரத்தினுள் நனைந்தபடியே உறங்கினார்கள். பிள்ளைகள் வளர, பெரியவர்களுக்கு முதுகு நோக, நிலத்தில் படுப்பது இயலாமற் போயிற்று. அப்போதுதான் பலருடைய வீட்டு வாசலில் அந்த மடிப்புக் கூரை இழுவை வண்டி வந்து சேர்ந்தது. அங்கே அதனை 'ரென்ற் ட்ரெயிலர்' என்கிறார்கள். 'பொப்அப்' என்பதும் அதுவே.

காணாதவர்களுக்காகச் சில வரிகள். காரின் பின்னால் இழுத்துச் செல்கையில் அது இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டி. முகாமிடத்தில் நிறுத்தி, முன்புறத்தில் உள்ள பிடியைச் சுழற்றினால் மூடி மேலெழுந்து கூரையாகும். பெட்டிக்கும் கூரைக்கும் இடையே கன்வஸ் சுவர் விரியும். முன்னும் பின்னும் இரு கட்டில்கள் இழுப்பறை போல வெளியே வரும். ஆறேழு பேர் படுக்கலாம். உள்ளே சிறு அடுப்பு உண்டு, கை கழுவும் தொட்டி உண்டு. ஒரு வீட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த கெட்டித்தனத்தை நான் மெச்சாமல் இருந்ததில்லை.

கொழும்பிலிருந்து எழுதும் ஒருவனுக்கு இந்தக் கூரையில் என்ன அக்கறை என வாசகர்கள் கேட்கக்கூடும். என் தங்கையின் குடும்பம் அதன் கீழே உறங்குகிறது. இந்தப் பதில் போதும் என நினைக்கிறேன்.

இந்த வண்டிகளின் வரலாறு ஒரு கோழிக்கூட்டோடும் தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மிடில்பெரி என்ற ஊரில், லொயிட் பொன்ட்ரேகர் என்பவர் 1968 ஆம் ஆண்டு தமது பண்ணையின் கோழிக் கொட்டில்களையும் களஞ்சியத்தையும் பட்டறையாக்கி, கூரையைத் தூக்கும் பொறிமுறையோடு கூடிய வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். 'ஜேகோ' நிறுவனம் அப்படிப் பிறந்தது. விளக்குகளுக்கும் அடுப்புகளுக்கும் பெயர் பெற்ற 'கோல்மன்' நிறுவனமும் 1960களின் பிற்பகுதியில் இதே துறையில் இறங்கிற்று. அதன் வண்டித் தொழிலைப் பின்னர் வாங்கிய 'ஃப்ளீட்வூட்' 2009 இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது. இந்தச் செய்தியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று ரொறொன்ரோவில் நம்மவர்கள் வாங்கும் ரென்ற் ட்ரெயிலர்களில் பல இருபது, இருபத்தைந்து வயதானவை. கை மாறிக் கை மாறி வந்தவை. சிலவற்றைச் செய்தவர்கள் இன்று தொழிலிலேயே இல்லை. கைநூல் எப்போதோ தொலைந்திருக்கும். கூரையைத் தூக்கும் கேபிள் மட்டும் பழையதாகவே இருக்கும்.

அந்தக் கேபிள்தான் என் கவலை. பரவலாகக் காணப்படும் அமைப்பு இதுதான். முன்புறத்தில் ஒரு வின்ச். அதிலிருந்து உருக்குக் கேபிள் ஒன்று தளத்தின் கீழாக ஓடி, நான்கு கேபிள்களோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த நான்கும் கப்பிகளைச் சுற்றி நான்கு மூலைகளுக்கும் போகும். ஒவ்வொரு மூலையிலும் குழாய்க்குள் நீண்ட சுருள்வில் ஒன்று இருக்கும். கேபிள் அதனை இழுக்க, அது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த குழாய்க்கால்களை மேலே தள்ளும். கூரை எழும். மிக எளிமையான, மிக அழகான பொறிமுறை. ஆனால், எழுந்த பிறகு அந்தக் கூரையை எது தாங்கி நிற்கிறது? அதே வில், அதே கேபிள், அதே கப்பி, அதே வின்ச். தூக்கியதுதான் தாங்குகிறது. வேறெதுவும் இல்லை. கன்வஸ் சுவர் தாங்காது, அது வெறும் சீலை. கதவுச் சட்டம் தாங்காது, பல வண்டிகளில் கதவே கூரையோடுதான் இணைந்து நிற்கிறது. வண்டியின் மூலைகளில் நிலத்தில் ஊன்றும் கால்கள் வண்டி ஆடாமலிருக்க உதவுமே தவிர, அவற்றுக்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை.

வின்சில் பிறேக் உண்டே என்பார்கள். உண்டு. பிடியைச் சுழற்றும்போது 'டிக், டிக்' எனக் கேட்கும், பிடியை விட்டால் கூரை அந்த இடத்திலேயே நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிறேக் பிடித்து வைத்திருப்பது வின்சின் உருளையைத்தான், கூரையை அல்ல. உருளைக்கும் கூரைக்கும் இடையில் கேபிள் அறுந்தால் பிறேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயனில்லை. தொடக்கக் கேபிள் போனால் நான்கு மூலைகளும் இறங்கும். மூலைக் கேபிள் ஒன்று போனால் அந்த மூலை இறங்கும். (பிறேக்கின் உராய்வுத் தட்டுகளுக்கு எண்ணெய் பூசுபவர்களும் இருக்கிறார்கள் என்று அறிந்தேன். பற்சக்கரத்துக்கு எண்ணெய் இடலாம். உராய்ந்து பிடிக்க வேண்டிய தட்டுக்கு எண்ணெய் இடுவது சைக்கிள் பிறேக் கட்டைக்குக் கிறீஸ் பூசுவதற்கு ஒப்பானது.)

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் வேலை பழகும் பொடியன்களுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுண்டு. ஜக்கினால் காரைத் தூக்கு, ஆனால் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதே, கட்டை வை. தூக்கும் பொருளையும் தாங்கும் பொருளையும் வேறு வேறாக வைக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் போகாத அந்த மேசன்மாரும் மெக்கானிக்குகளும் நன்கறிவார்கள். 1854 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த கண்காட்சியில் எலிஷா ஓற்றிஸ் என்பவர் செய்து காட்டியதும் இதுவே. தாம் நின்றிருந்த தூக்குமேடையின் கயிற்றை எல்லோரும் பார்த்திருக்க வெட்டச் செய்தார். மேடை சிறிது இறங்கி அப்படியே நின்றது. கயிற்றை இன்னும் தடிப்பாக்குவது அவருடைய தீர்வாக இருக்கவில்லை. கயிறு அறும், அறுந்தால் பிடிப்பதற்கு வேறொன்று வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இன்று நாம் மின்தூக்கியில் பயமின்றி ஏறுகிறோம். ரென்ற் ட்ரெயிலரின் கூரைக்கு மட்டும் அந்த 'வேறொன்று' ஏன் கிடைக்கவில்லை?

கார் பொனற்றைத் திறந்தால் அதனைத் தாங்குவதற்கு ஒரு கம்பி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் எண்ணெய் பார்ப்பதற்கு. குடும்பமே இரவு முழுவதும் கீழே படுத்திருக்கும் கூரைக்கு, நான் பார்த்த வண்டிகள் எதிலும் அப்படியொரு கம்பி இருக்கவில்லை. பாரமோ சாமானியமானதல்ல. கூரை தனியே சில நூறு இறாத்தல். அதன் மேல் குளிரூட்டி பொருத்தியிருந்தால் இன்னும் 75 முதல் 100 இறாத்தல் வரை. வடக்கே மே மாதத் தொடக்கத்திலும் ஒக்ரோபரிலும் எதிர்பாராமல் பனி கொட்டுவதுண்டு. ஈரப்பனி கனஅடிக்கு 20 இறாத்தல் வரை நிறுக்கும். 10 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட கூரையில் அரை அடி ஈரப்பனி விழுந்தால் 700 இறாத்தல். கணக்கு இலகுவானது, தாளில் போட்டுப் பாருங்கள்.

2023 ஆம் ஆண்டு யூலையில் ரொறொன்ரோ சென்றிருந்தபோது தங்கை குடும்பத்தோடு அல்கொன்குவின் பூங்காவுக்குப் போனேன். 1893 இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவின் ஏரிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை திசை மாறிவிடும். இரண்டாம் நாள் மாலை அடுத்த முகாமிடத்தில் பெரிய சத்தம் கேட்டது. ஒரு வெள்ளையினக் குடும்பம், எங்களுடையதைப் போன்ற பழைய வண்டி. பின்புற இடது மூலைக் கேபிள் அறுந்து, அந்த மூலை ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. உள்ளே நின்ற தகப்பன் கூரையைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார். கட்டிலில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் தாய் கன்வஸ் ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார். என் மருமகன் கையில் அகப்பட்ட இரண்டு துடுப்புகளோடு ஓடினான். துடுப்புகளை முண்டு கொடுத்த பிறகுதான் அந்த மனிதரால் தோளை எடுக்க முடிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. அவர் நெடுநேரம் மேசையில் இருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தேநீரை வாங்கிக் குடித்தார், பேசவில்லை.

அன்றிரவு நான் மருமகனிடம் கேட்டேன், "தம்பி, எங்கடை கூரைக்கு என்ன முண்டு?"

"மாமா, பத்து வருசமா ஒண்டும் நடக்கேல்லை. நான் வருசா வருசம் கேபிளைப் பாக்கிறனான்" என்றான் அவன்.

அவன் பொய் சொல்லவில்லை. பொறுப்பான பிள்ளைதான், பொறியியல் படித்தவன். ஆனால் 'ஒண்டும் நடக்கேல்லை' என்பது கேபிளின் பலத்துக்குச் சான்றாகாது, நடந்த நாள் வரும் வரை எல்லாக் கேபிள்களும் அப்படித்தான் இருக்கும். கேபிளைப் பார்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. உருக்குக் கேபிள் பல மெல்லிய இழைகளால் முறுக்கப்பட்டது. அது தேய்வது கப்பியைச் சுற்றி வளையும் இடத்தில். கறள் பிடிப்பதோ இழைகளின் உள்ளே. தளத்தின் கீழே வீதித் தண்ணீரும் உப்பும் மண்ணும் படும் இடத்தில் ஓடும் அதனை, வாசலில் குனிந்து டோர்ச் அடித்துப் பார்ப்பவர் வெளித்தோற்றத்தைத்தான் காண்கிறார். பார்ப்பதென்றால் பழந்துணி ஒன்றால் கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளமாக இழுத்துப் பார்க்க வேண்டும். அறுந்த இழை துணியில் மாட்டும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். ஓர் இழை மாட்டினாலும் அந்தக் கேபிளை மாற்றிவிடுவதே முறை. கப்பிகள் சுழல்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். சுழலாத கப்பியின் மேல் கேபிள் அரம் போல உரசிக்கொண்டேயிருக்கும்.

கேபிள் அறுவதற்கு வயது மட்டுமே காரணமல்ல. கூரையைப் பெட்டியோடு பூட்டும் கொக்கிகளில் ஒன்றைக் கழற்ற மறந்துவிட்டுப் பிடியைச் சுழற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மூலை நிலத்தோடு கட்டப்பட்டிருக்க, மற்ற மூன்றும் எழ முயல்கின்றன. குறித்த உயரத்துக்கு மேலும் 'இன்னும் கொஞ்சம்' என்று சுழற்றுபவர்களும் இருக்கிறார்கள். கால்கள் எல்லையைத் தொட்ட பிறகு சுழற்றும் ஒவ்வொரு சுற்றும் கேபிளின் ஆயுளைத்தான் குறைக்கிறது. பிடி திடீரென இறுகினால் பலம் போடக் கூடாது, நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சாய்வான நிலத்தில் நிறுத்தி, மட்டம் பாராமல் தூக்குவதும் கால்களைக் கோண வைக்கும். கூரை எழும்போதும் இறங்கும்போதும் ஒருவரும் உள்ளே இருக்கலாகாது, கையையோ தலையையோ உள்ளே நீட்டலாகாது. இதை மட்டும் எல்லாக் கைநூல்களும் கொட்டை எழுத்தில் சொல்கின்றன. எழுந்து நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் மௌனம்.

முண்டு கொடுப்பது கடினமான காரியமல்ல. பல வண்டிக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்துச் செய்கிறார்கள். கூரை முழு உயரத்தில் நிற்கும்போது ஒவ்வொரு மூலைக்காலிலும் உட்குழாய் வெளியே தெரியும். வெளிக்குழாயின் விளிம்பிலிருந்து கூரையின் பிடிப்பு வரை உள்ள நீளத்தை அளந்து, அந்த அளவுக்குத் தடித்த பிவிசி குழாய் ஒன்றை வெட்டி, நீளவாட்டில் ஒரு பக்கம் பிளந்து, உட்குழாயின் மேல் கவ்வ விட வேண்டும். அவ்வளவுதான். கேபிள் அறுந்தாலும் உட்குழாய் வெளிக்குழாய்க்குள் நுழைய முடியாது, இடையில் கவ்வியிருப்பது தடுத்துவிடும். வேறு சிலர் பெட்டியின் விளிம்புக்கும் கூரைச் சட்டத்துக்கும் இடையே மரக் கட்டையோ அலுமினியக் குழாயோ வைக்கிறார்கள். கடைகளில் விற்கும் தாங்கிகளும் உண்டு. பிவிசியில் நான்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு குடும்பம் ரிம் ஹோற்றன்ஸில் காலை உணவு உண்ணும் செலவளவுதான்.

ஆயினும் முண்டிலும் அறிவு வேண்டும். அளவு அரை அங்குலம் கூடினால் கூரையை மேலும் தூக்கித்தான் அதனைப் புகுத்த முடியும், மேலே சொன்ன அதே கெடுதி. ஒரு தடித்த மட்டை நுழையும் இடைவெளி இருப்பது நல்லது. முண்டு பாரத்தை எப்போதும் சுமக்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். முண்டின் மேல் பாரம் முழுவதையும் இறக்கிவிடுகிறேன் என்று வின்சைத் தளர்த்திக் கேபிளைத் தொய்ய விட்டால், அது கப்பியிலிருந்து கழன்று விலகிக்கொள்ளும். நான்கு மூலைகளுக்கும் கொடுக்க வேண்டும், இரண்டுக்கு மட்டும் கொடுத்தால் விழும்போது கூரை முறுகும். கன்வஸைத் தைத்திருக்கும் சட்டத்திலோ மெல்லிய தகட்டிலோ ஊன்றாமல், பாரம் தாங்கக்கூடிய இடத்தில் ஊன்ற வேண்டும். வின்சையோ கேபிளையோ திருத்துவதற்காகக் கூரையின் கீழ் கை வைப்பவருக்குப் பிவிசி போதாது. நான்கு மூலைகளிலும் உறுதியான மரத் தூண்களை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கடுங்காற்றுக்கு முண்டு மருந்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முண்டு கீழே விழாமல் தடுக்கும், மேலே பறக்காமல் தடுக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் கூரையை இறக்கிக் கொக்கிகளைப் பூட்டிவிட்டுக் காரிலோ பூங்காவின் கட்டடத்திலோ போய் இருப்பதுதான் புத்தி. பனி விழுந்தால் முண்டை நம்பி உறங்காமல் தும்புத்தடியால் தள்ளிவிட வேண்டும்.

முண்டைக் கழற்ற மறந்து கூரையை இறக்குவதே இதில் நேரக்கூடிய பெரிய ஆபத்து. ஒரு மூலை நிற்க, மற்றவை இறங்க, கால்கள் வளைந்துவிடும். தயாரிப்பாளர்கள் முண்டு கொடுக்காமைக்கு இதுவே காரணம் என ஒரு விற்பனையாளர் எனக்கு விளக்கம் தந்தார். வாங்குபவன் மறந்துவிடுவானாம், பிறகு நட்ட ஈடு கேட்பானாம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மறதியால் சேதமாவது நாலு கால்கள், அதுவும் எல்லோரும் வெளியே நிற்கையில். முண்டின்மையால் ஆபத்துக்குள்ளாவது உள்ளே படுத்திருக்கும் பிள்ளைகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? மறதிக்கு மருந்தும் பெரிய விலையில்லை. முண்டுகளைப் பொருத்தியவுடன் வின்சின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடட்டும். அல்லது, முண்டுகளை வைத்துக் கட்டும் அதே பையால் பிடியை மூடிவிடட்டும். பை நிரம்பாமல் பிடியைத் தொடக் கூடாது. கார் செய்பவன் ஒரு கம்பியைப் பொனற்றுக்குள் கொடுத்தபோது, மறந்து மூடுவானே என்று அஞ்சியிருந்தால் மெக்கானிக்குகளின் தலைகள் என்னவாகியிருக்கும்?

புதிய வண்டி ஒவ்வொன்றோடும் அளந்து செய்த நான்கு முண்டுகளைத் தயாரிப்பாளர்கள் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. குளிரூட்டியைக் கூரையில் ஏற்றி விற்பவர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆனால் நம்மவர்கள் வாங்குவது புதிய வண்டியல்லவே. ஆகையால் சட்டம் வரும் வரை காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

பழைய ரென்ற் ட்ரெயிலர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விற்பவர் அடுப்பு எரிவதைக் காட்டுவார், மெத்தைகளைத் தட்டிக் காட்டுவார். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் கொக்கிகளைக் கழற்றிக் கூரையை முழு உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று, பிடி சுழலும் சத்தத்தைக் கேளுங்கள். நான்கு மூலைகளின் உயரத்தையும் அளவுநாடாவால் அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலம் விலை பேசுங்கள், நம்மவர்களுக்கு அது சிரமமாக இராது. பிறகு திரும்ப அளவுங்கள். ஒரு மூலையாவது இறங்கியிருந்தால் உள்ளே காலடி வைக்காமல் வீடு திரும்புங்கள். இறங்காமலிருந்து நீங்கள் வாங்குவதாகவும் இருந்தால், அளவுநாடா கையில் இருக்கும்போதே வெளிக்குழாய் விளிம்பிலிருந்து கூரை வரையுள்ள அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஹார்ட்வெயார் கடை திறந்திருக்கும்.